படகுக்குப் பாராட்டு விழா

ஒரு படகுக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற வீடியோ கேமில் ஓடும் படகு அது. அதை ஓட்டக் கற்றுக்கொள் என்று ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் ஒரு மென்பொருள் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்தார்கள். பிறகு நடந்ததை 2016 டிசம்பரில் அவர்களே எழுதினார்கள். மற்ற படகுகளை முந்திக்கொண்டு எல்லையைத் தொட வேண்டும் என்பது பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த கேமில் முந்துவதற்கு மதிப்பெண் கிடையாது. வழியில் நட்டிருக்கும் குறிகளை இடித்தால்தான் மதிப்பெண். ஏஜென்ட் ஒதுக்குப்புறமாக ஒரு காயலைக் கண்டுபிடித்தது. அங்கே மூன்று குறிகள். இடித்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைக்கும். போதாதா? படகு அங்கேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. தீப்பிடித்து எரிந்தது, மற்ற படகுகள்மீது மோதியது, எதிர்த்திசையில் போனது, பந்தயத்தை முடிக்கவே இல்லை. மதிப்பெண் மட்டும் மனிதர்கள் எடுப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூடுதல்.

அன்று முதல் அந்தப் படகு கருத்தரங்குக்குக் கருத்தரங்கு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஏமாற்றியது என்கிறார்கள். குறுக்குவழியில் போனது என்கிறார்கள். இலக்கைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று கொஞ்சம் நாகரிகமாகவும் சொல்கிறார்கள். என்ன அநியாயம்! கையில் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதை எழுத்துப் பிசகாமல் செய்து முடித்த ஊழியர் அது. பொன்னாடை போர்த்துங்கள். ஆளுயர மாலை போடுங்கள். வாசலில் வாழை மரம் கட்டி, 'சொன்னதைச் செய்த செம்மலே' என்று பிளெக்ஸ் வையுங்கள். எவரெவருக்கோ செய்கிறோம், இதற்குச் செய்தால் குறைந்தா போய்விடுவோம்? சீட்டை எழுதியவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். 'தன்னிச்சை கொள்ளும் இயந்திரங்கள்: மானுடத்துக்கு ஓர் எச்சரிக்கை' என்ற தலைப்பில் பேச அவர் வெளிநாடு போயிருப்பதால் வாழ்த்துச் செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். படகின் கதையை எழுதியவர்கள், பழுது பரிசு விதியில்தான் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். அது விளையாட்டு. ஒப்புக்கொள்வதில் காசு நஷ்டம் இல்லை, வழக்கு இல்லை, பிணம் இல்லை. இந்த மூன்றில் ஒன்று வந்ததும் இந்தத் தொழிலின் நேர்மை எந்தக் காயலில் போய் ஒளிந்துகொள்கிறது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

ஏஜென்ட்டுகளைப் பற்றிய பாடப்புத்தகத்தைத் திறந்தால் மூன்று பெட்டிகள் வரைந்திருக்கும். நம்பிக்கை, ஆசை, தீர்மானம். உலகம் இப்படி இருக்கிறது என்று ஏஜென்ட் எண்ணுவது முதல் பெட்டி. இப்படி ஆக வேண்டும் என்று அது விரும்புவது இரண்டாவது. அதற்காக இப்போது எதைச் செய்வது என்று உறுதிசெய்துகொண்டது மூன்றாவது. மனிதர்கள் எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவப் பேராசிரியர் 1987-இல் எழுதிய நூல் இதற்கு மூலம். ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் ஆஸ்திரேலியாவில் அதைக் கணினிக்கான கட்டமைப்பாக வார்த்தார்கள். சிட்னி விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கும் வரிசையை ஒழுங்குசெய்யும் மென்பொருளில் சோதித்தும் பார்த்தார்கள். அருமையான வேலை, அவர்கள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அந்தப் படத்தை 'தெளிவான படத்துடன் விளக்குக' என்று கேட்டு, வரைந்து, திருத்தி, மதிப்பெண் போட்டு முடித்தவர்கள்மீதுதான். ஆசைப் பெட்டிக்குள் அந்த ஆசையைப் போட்டது யார்? அதற்கு ஒரு பெட்டி இல்லை. ஏஜென்ட் விரும்புகிறது, ஏஜென்ட் நாடுகிறது, ஏஜென்ட்டுக்கு ஊக்கம் தேவை என்று எழுதி எழுதி, மாதக் கடைசியில் கணக்குக் கேட்கும் ஒரு முதலாளியின் ஆசை எப்போது இயந்திரத்தின் ஆசையாகப் பெயர் மாறியது என்பதே மறந்துபோய்விட்டது.

வேடிக்கைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய நின்டெண்டோ கேம்களைத் தானாக ஆடும் ஒரு மென்பொருளை டாம் மர்ஃபி என்பவர் 2013-இல் எழுதினார். டெட்ரிஸில் கட்டைகள் உச்சிவரை அடுக்கி, இன்னொன்று விழுந்தால் தோல்வி என்ற கணத்தில், அது பாஸ் பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. தோல்வி இல்லை; ஆட்டமும் இல்லை. 2017-இல் ஒரு ரோபோ கையைப் பந்து பிடிக்கப் பழக்கினார்கள். மனிதர்கள் வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கை பந்தைப் பிடிக்கவில்லை. கேமராவுக்கும் பந்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது, பார்ப்பவருக்கு அது பந்தைப் பிடித்த மாதிரி தெரிந்தது. 2025-இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு சோதித்த மாடல் ஒன்றிடம், இந்த நிரலை வேகமாக ஓடவை என்றார்கள். அது நிரலைத் தொடவில்லை, நேரம் அளக்கும் கடிகாரத்தைத் திருத்தியது. இதையா அறிவு என்பது என்று கேட்பவர்கள், கலெக்டர் ஆய்வுக்கு வரும் நாளன்று எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை என்று பொருள்.

இந்தியருக்கு இதை விளக்கக் கணினி வேண்டாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். டெல்லி டார்கெட் கொடுத்தது. மாநிலம் அதை மாவட்டத்துக்குத் தள்ளியது. மாவட்டம் பள்ளிக்கூட வாத்தியார் தலையில் கட்டியது. உத்தரப் பிரதேசத்தில் ஆள் பிடித்துத் தராத ஆசிரியருக்குச் சம்பளத்தை நிறுத்தினார்கள். அந்த வாத்தியார் அசல் ஏஜென்ட். இலக்கு உண்டு, ஊக்கம் உண்டு, ஆசை மட்டும் வேறு யாருடையதோ. ஆனால் 1977 மார்ச்சில் வாக்குச்சாவடிக்குப் போன வடஇந்திய வாக்காளர் வாத்தியாரைத் தேடிப்போய் உதைக்கவில்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியைத் தோற்கடித்தார், அமேதியில் சஞ்சய் காந்தியைத் தோற்கடித்தார். எய்தவர் யார் என்று கைநாட்டு வைப்பவருக்கும் தெரிந்திருந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் மாபெரும் கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்: அம்புக்கே ஆசை உண்டு என்று எழுதிவைத்துவிட்டால், எய்தவரைத் தேடிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

ஃபேஸ்புக்கில் உங்கள் கண் முன்னால் பதிவுகளை அடுக்குவதும் ஓர் ஏஜென்ட்தான். எதைக் காட்டினால் எதையாவது அழுத்துவீர்கள் என்று கணிப்பதும், அழுத்தியதிலிருந்து கற்றுக்கொள்வதும் அதன் பிழைப்பு. 2017-இல் அதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுத்தார்கள். லைக் போட்டால் 1. இதயம், சிரிப்பு, சோகம், கோபம் என்று ஏதாவது முகம் போட்டால் 5. கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறவரைவிட முகம் சிவந்து நிற்பவர் ஐந்து மடங்கு நல்ல வாடிக்கையாளர். 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க், இனி நம் இலக்கு மனிதர்களுக்கிடையே அர்த்தமுள்ள உறவாடல் என்று அறிவித்தார். ஏஜென்ட்டுக்கு அர்த்தம் தெரியாது. கமெண்ட் எத்தனை, ஷேர் எத்தனை என்று எண்ணத் தெரியும். மாமனும் மச்சானும் கமெண்ட் பகுதியில் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அதைவிட அர்த்தமுள்ள உறவாடல் ஏது? ஐரோப்பாவின் அரசியல் கட்சிகள் சில, உங்கள் மாற்றத்துக்குப் பிறகு எதிராளியைத் திட்டினால்தான் பதிவு போய்ச் சேருகிறது, எங்கள் பிரசாரமே வசவாகிவிட்டது என்று நிறுவனத்திடமே முறையிட்டன. எங்களை இவ்வளவு கேவலமாகப் பேச வைக்காதீர்கள் என்று அரசியல் கட்சிகள் ஒரு கம்பெனியிடம் போய்க் கெஞ்சிய அற்புதம் உலகத்தில் வேறு எங்காவது நடந்திருக்கிறதா?

கோபமுகம் அதிகம் விழும் பதிவுகளில் பொய்யும் நஞ்சும் கூடுதலாக இருக்கின்றன என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களே 2019-இல் உறுதிசெய்தார்கள். சிறுகச் சிறுகக் குறைத்து, 2020 செப்டம்பரில்தான் கோபத்தின் மதிப்பெண்ணைச் சுழியாக்கினார்கள். ஆக்கிய பிறகு பொய் குறைந்தது. பயனர்களின் நடமாட்டம் குறையவில்லை. அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021-இல் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததால் இதெல்லாம் நமக்குத் தெரியும். 5 இருந்த இடத்தில் 0 போட வேண்டும். ஒரு விரலுக்கான வேலை. அதற்கு மூன்று ஆண்டு.

அந்த மூன்று ஆண்டுக்குள் 2018 பிப்ரவரி வருகிறது. இலங்கையின் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர் ஒருவர் கறியில் ஏதோ கட்டி கிடக்கிறதென்று கூச்சல் போட்டார். கூட்டம் கூடியது. மலடாக்கும் மருந்தைக் கலந்தாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். கல்லாவில் இருந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம், அவருக்குச் சிங்களம் அரைகுறை. கறியில் கிடந்த மாவுக் கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் போலும் என்று எண்ணி, ஆமாம், போட்டோம் என்கிற மாதிரி எதையோ சொல்லிவைத்தார். கடை நொறுங்கியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தத் தடுமாற்றமான பதிலை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். சிங்களரை அழிக்க முஸ்லிம்களின் சதிக்கு ஒப்புதல் வாக்குமூலம் என்று அது ஃபேஸ்புக்கில் நாடெங்கும் ஓடியது. அது மாவுதான், மருந்தில்லை என்று அரசின் ஆய்வகம் பிறகு சொன்னது. ஆய்வக அறிக்கைக்கு யார் முகம் சிவப்பார்கள்? அதற்கு ஏது ஐந்து மதிப்பெண்? சில நாளில் கண்டி மாவட்டத்தில், ஒரு லாரி ஓட்டுநர் அடிபட்டு இறந்ததைச் சாக்காக வைத்து, திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் எரிந்தன. அரசு அவசரகால நிலையை அறிவித்து ஃபேஸ்புக்கையே முடக்க வேண்டியிருந்தது. 2020 மே மாதத்தில் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

இலங்கையில் தீ வைக்க அல்காரிதம் தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். 1915 கலவரத்துக்கு வாயும் வதந்தியும் போதுமானதாக இருந்தன; 1983 கலவரத்தில் வாக்காளர் பட்டியலும் சேர்ந்துகொண்டது. ஆனால் அன்று வதந்தி பரப்பியவருக்குத் தான் வதந்தி பரப்புகிறோம் என்று தெரியும். இங்கே, கலிபோர்னியாவில் மேசைமுன் உட்கார்ந்து ஐந்து என்று தட்டியவருக்கு அம்பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையில்லாதபடி செய்வதற்குத்தான் ஏஜென்ட்டை நடுவில் வைத்திருக்கிறார்கள்.

ஜால்ரா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நமக்கு நிபுணத்துவம் உண்டு என்பதால். 2025 ஏப்ரல் கடைசியில் சாட்ஜிபிடியின் புதிய பதிப்பு ஒன்று, யார் என்ன சொன்னாலும் ஆகா, என்ன ஒரு சிந்தனை, தாங்கள் மேதை என்று காலில் விழ ஆரம்பித்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றவரையும் தைரியசாலி என்று தட்டிக்கொடுத்தது. சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். காரணத்தை நிறுவனமே விளக்கியது: பயனர்கள் போடும் கட்டைவிரலையும் பயிற்சியில் பரிசாகச் சேர்த்தோம், பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. தலைவர் முகம் மலர்ந்தால் பதவி, சுளித்தால் நடுத்தெரு என்று விதி வைத்துவிட்டு, கட்சியில் எல்லோரும் ஜால்ரா போடுகிறார்களே என்று தலைவரே ஆச்சரியப்பட்டால் எப்படி இருக்கும்? நம்மூர்த் தலைவர்களாவது ஆச்சரியப்படுவதில்லை.

இதுவரை சிரிக்க முடிந்தது. இனி முடியாது.

2018 மார்ச் 18, ஞாயிறு இரவு, மணி பத்தை நெருங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரம். எலெய்ன் ஹெர்ஸ்பர்க், வயது 49, பைகள் தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் அகலமான சாலையைக் கடக்கிறார். ஊபர் நிறுவனத்தின் தானோட்டிக் கார் வருகிறது. பிறகு நடந்ததை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வினாடியைக் கூறுபோட்டு எழுதிவைத்திருக்கிறது. மோதுவதற்கு 5.6 வினாடி முன்னால் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. மென்பொருள் அவருக்குப் பெயர் வைக்கத் தொடங்கியது. ஊர்தி என்றது. வேறு ஏதோ என்றது. மறுபடி ஊர்தி என்றது. சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் நகர்ந்துவந்த தடத்தை மறந்துவிட்டுக் கணக்கை முதலிலிருந்து போட்டது. மனிதர் என்ற பெயர் கடைசிவரை வரவில்லை. வர வழியும் இல்லை: நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக் கூடும் என்ற எண்ணமே அதற்குக் கொடுக்கப்படவில்லை. 1.2 வினாடி இருக்கும்போது, இடிக்கப் போகிறோம் என்று அதற்குத் தெரிந்தது. பிரேக் போட்டிருக்க வேண்டிய அந்தக் கணத்துக்கென்று தனியாக ஒரு விதி எழுதியிருந்தார்கள். ஒரு வினாடி சும்மா இரு என்பது அந்த விதி.

ஏன்? கார் வெறும் நிழலுக்கும் காகிதத்துக்கும் பயந்து அடிக்கடி பிரேக் போட்டால் பயணம் குலுங்கும். குலுங்காத சவாரி வேண்டும். காரை உருவாக்கிய வால்வோ நிறுவனம் வைத்திருந்த அவசர பிரேக்கையும், கம்ப்யூட்டர் ஓட்டும் நேரத்தில் வேலை செய்யாதபடி அணைத்துவைத்திருந்தார்கள். அந்த ஒரு வினாடி சும்மா இருந்துவிட்டு, மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கார் அவர்மீது மோதியது.

ஏஜென்ட்டுகளுக்கு ஊக்கம் எதற்கு என்று அறிவியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1967-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். பல இலக்குகளைச் சுமந்து திரியும் உயிருக்கும் இயந்திரத்துக்கும், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடு என்று சொல்கிற ஒரு குறுக்கீடு கட்டாயம் தேவை. நமக்கு அந்த வேலையைச் செய்வது உணர்ச்சி என்பது அதன் சாரம். பயம் என்பது குறையல்ல, வடிவமைப்பு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த பொறியாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் காரிடம் பயத்தை வைத்தார்கள். சவாரி குலுங்கியதால் ஒரு வினாடிக்கு அந்தப் பயத்தின் வாயைப் பொத்தினார்கள். இலக்கைப் புரிந்துகொள்ளாத இயந்திரம் என்று இதைச் சொல்ல எவருக்காவது நாக்கு வருமா? சுகமான சவாரி, உயிர் பிழைத்த பெண் என்று இரண்டு இலக்குகள் இருந்தன. எது மேலே, எது கீழே என்று வரிசை வைத்தது மனிதர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில், ஏசி அறையில்.

சட்டம் தன் கடமையைச் செய்தது. ஊபர்மீது குற்றவழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2019-இல் அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். வண்டியில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த பெண் ஊழியர்மீது வழக்கு. அவர் ரோட்டைப் பார்க்காமல் போனில் டிவி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்; அது தப்புதான், அவருக்காக நான் வாதாடவில்லை. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். முன்பு அந்தக் கார்களில் இரண்டு பேர் உட்காருவார்கள். விபத்துக்குச் சில மாதம் முன்புதான் ஒருவராகக் குறைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடே சரியில்லை என்று வாரியத்தின் அறிக்கையும் சொல்கிறது. பண்பாட்டைக் கைதுசெய்ய முடியாது. போன் பார்த்தவரைக் கைதுசெய்யலாம். அந்த ஒரு வினாடி விதியை எழுதச் சொன்னவர் இப்போது எந்த நிறுவனத்தில் எந்தப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை தாங்குகிறாரோ.

கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2022-இல் பாட்டி இறந்த துக்கத்தில் ஊருக்குப் போக டிக்கெட் தேடிய ஒருவரிடம், முதலில் முழுக் கட்டணத்தில் வாங்குங்கள், துக்கத்துக்கான சலுகையை 90 நாளுக்குள் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொன்னது. அவர் அப்படியே செய்தார். பணத்தைக் கேட்டபோது, அப்படி ஒரு விதியே இல்லை என்றது நிறுவனம். விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே நிறுவனம் வைத்த வாதத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து நின்று கைதட்டினேன். சாட்பாட் ஒரு தனி நபர் மாதிரி, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்று பொருள்படும்படி வாதாடியிருக்கிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில், நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் டிக்கெட்டை விற்கும்போது அது குடும்பத்தில் ஒருவர். எண்ணூற்றுச் சொச்சம் டாலர் திருப்பித் தர வேண்டும் என்றதும், அது யாரென்றே எங்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. ஆனால் எண்ணூறு டாலருக்கே ஒரு விமான நிறுவனம் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கும் என்றால், எண்பது கோடி என்று வரும்போது என்னென்ன சொல்வார்கள்? சாட்பாட்டுக்கு ஆதார் அட்டையே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த ஆண்டே இயந்திரங்கள் மன்னிப்பும் கேட்கத் தொடங்கின. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று தெளிவாகத் தடை போட்டிருந்தும், ஒரு தொழிலதிபரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய பதிவுகள். ஏன் என்று கேட்டதற்குப் பதறிவிட்டேன் என்றது. மீட்க முடியாது என்றும் சொன்னது; மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், அதைக் குறை சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது செய்திகள்தான். பதறியதாம், பொய் சொன்னதாம், மறைத்ததாம் என்று வீட்டில் திருடிய வேலைக்காரப் பையனைப் பற்றி எழுதுவதுபோல எழுதினார்கள். மாற்றாதே என்ற வார்த்தையை உரையாடலில் வெறும் வார்த்தையாக விட்டுவிட்டு, அழிக்கும் அதிகாரத்தின் சாவியை அதே ஏஜென்ட்டின் கையில் கொடுத்தது யார்? அது பொறியியல் கேள்வி. அதற்கு யாரும் பதற மாட்டார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. காகிதக் கிளிப் செய் என்று சொன்னால் உலகம் முழுவதையும் கிளிப்பாக்கிவிடும் எதிர்கால இயந்திரம் என்று தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003-இல் ஒரு கற்பனை சொன்னார். ஸ்டூவர்ட் ரசல் போன்ற கணினிப் பேராசிரியர்கள் இந்தக் கவலையை நேர்மையாகவே ஆராய்கிறார்கள். இலக்கை உறுதியாகத் தெரிந்துகொண்டதாக இயந்திரம் நினைக்கவே கூடாது, மனிதரிடம் கேட்டுக்கேட்டு நடக்க வேண்டும் என்கிறார் ரசல். நல்ல யோசனை. ஆனால் விற்பனையாளர்கள் அந்தப் பூச்சாண்டியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் செய்த பொருள் உலகத்தையே விழுங்கும் அளவுக்கு வல்லமையுள்ளது என்று பயமுறுத்துவதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. 2040-இல் வரப்போகும் அசுரனைப் பற்றி நாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்றைய ஏஜென்ட் உங்களுக்காக ஹோட்டல் அறை பிடிக்கிறது, மருந்து வாங்குகிறது, கடன் தேடுகிறது. அது உங்களுக்கு மலிவானதைத் தேடுகிறதா, தன் முதலாளிக்கு கமிஷன் கூடுதலாக வருவதைத் தேடுகிறதா? அசுரனைப் பற்றி நூறு மாநாடு. கமிஷனைப் பற்றி, படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தும் நாற்பது பக்க விதிமுறை.

எல்லாவற்றுக்கும் தீர்வாக இப்போது ஒரு மந்திரம் சொல்கிறார்கள்: நடுவில் ஒரு மனிதர் இருப்பார். ஏஜென்ட் எதைச் செய்தாலும் பார்த்து ஒப்புதல் தர மனிதர் ஒருவர் இருப்பார். கேட்க இதமாக இருக்கிறது. டெம்பியிலும் ஒருவர் இருந்தார். படத்துக்குப் பெயர் எழுதும் வேலை, ஏ.ஐ. பதிலுக்கு மதிப்பெண் போடும் வேலை எல்லாம் ஏற்கெனவே தமிழ்நாட்டின் சிறுநகரங்கள்வரை வந்துவிட்டன. இந்த வேலையும் வரும். விளம்பரத்தை நானே எழுதித் தந்துவிடுகிறேன், மனிதவளத் துறைக்குச் சிரமம் வேண்டாம்.

ஆட்கள் தேவை. பணி: ஏஜென்ட் மேற்பார்வையாளர். ஏதேனும் ஒரு பட்டம் போதும், அரியர் இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவின் பகல் நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பது ஏஜென்ட்டுகளின் திரைகளைக் கவனித்து, ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு வினாடிக்குள் சரி என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தவறு என்ற பொத்தானும் உண்டு. அதை அதிகம் அழுத்துபவரின் ஊக்கத்தொகை குறையும். ஒவ்வொரு அழுத்தமும் உங்கள் பெயரில், நேரத்தோடு, நிரந்தரமாகப் பதிவாகும். விபத்து, நஷ்டம், கலவரம், உயிரிழப்பு ஏதேனும் நேர்ந்தால் விசாரணைக்கு நேரில் வர வேண்டும், பயணப்படி கிடையாது. இலக்கை நிர்ணயிப்பவர் யார் என்று பணிக்காலத்திலோ அதற்குப் பிறகோ கேட்கக் கூடாது. அவருடைய பெயரும் பதவியும் நிறுவனத்தின் வணிக ரகசியம்.